முலாம் பட்டறை இருந்த மண்ணு, லெட்டும் (ஈயம்) ஜிங்க்கும் (துத்தநாகம்) ஜாஸ்தி: தரைய மூட எந்தச் செடி வைக்கலாம்?

அம்பத்தூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கறது அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல, எட்டு வீடு உள்ள சின்ன ஃபிளாட். பில்டிங்குக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவுல பத்தடி அகலத்துல நீளமா ஒரு மண் தரை சும்மா கெடக்கு. ஃபிளாட் வர்றதுக்கு முன்னாடி அங்க ஒரு ஷெட்டு இருந்துச்சாம், ஒரு பக்கம் முலாம் பூசற பட்டறை, இன்னொரு பக்கம் பழைய பேட்டரி பிரிச்சு ரிப்பேர் பண்றவரு. வீடு வாங்கறப்ப யாரும் சொல்லல, எதிர்ல டீக்கடை வச்சிருக்கறவர் பேச்சுவாக்குல சொல்லித்தான் தெரியும்.

மொதல்ல வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்துல குடுத்தோம். மண்வள அட்டையில தழை மணி சாம்பல் சத்து, இரும்பு, ஜிங்க், காப்பர் எல்லாம் இருந்துச்சு, ஜிங்க் மட்டும் எக்கச்சக்கமா காட்டுச்சு, ஆனா லெட், காட்மியம்னு ஒரு வரியே கெடையாது. அப்புறம் பசங்க அங்கதான விளையாடறாங்கன்னு பயந்து ஒரு பிரைவேட் லேப்ல குடுத்தோம். நாலு எடத்துல எடுத்து ஒண்ணா கலந்து குடுத்த மண்ணு. லெட் கிலோவுக்கு 610 மில்லிகிராம், ஜிங்க் 900 சொச்சம், நிக்கல் 70, மொத்த குரோமியம் 160, பிஹெச் (புளிப்பு-கார அளவு) 6.1.

இப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நர்சரியில வெடிலியான்னு ஒரு படர்ற பூச்செடி போடுங்க, எந்த மண்ணுலயும் வரும்ங்கறாங்க. யூட்யூப்ல பாத்தா கடுகும் சூரியகாந்தியும் போட்டா மண்ணுல இருக்கற மெட்டல உறிஞ்சி எடுத்துடும்ங்கறான். எங்கம்மா பொடுதலையும் வல்லாரையும் வை, தரையும் மூடும் துவையலுக்கும் ஆகும்ங்கறாங்க. அங்க இப்போதைக்கு தானா மொளச்சு நிக்கறது அருகம்புல்லு மட்டும்தான், அதுவும் பேட்டரி பட்டறை இருந்த மூலையில அதுகூட சரியா வரல. எந்தச் செடி இதெல்லாம் தாங்கும், தாங்கி வளந்தா மண்ணு சரியாயிடுச்சுன்னு எடுத்துக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேர்க்கால்:

கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். எடுத்துக்கக் கூடாது. செடி பச்சையா தளதளன்னு வளருதுங்கறது மண்ணு நல்லாயிடுச்சுங்கறதுக்கு அடையாளமே இல்ல, சில சமயம் நேர் எதிர்.

உங்க ரிப்போர்ட்ல செடிக்கு எமன் ஜிங்க்கும் நிக்கலும்தான். ஜிங்க் முந்நூறு நானூறு தாண்டினாலே பல செடிக்கு வேர் நீளாது, புதுக் கொழுந்து வெளுத்து இரும்புச் சத்து கொறைஞ்ச மாதிரியே மஞ்சளாகும். ஆனா ஜிங்க்கால மனுஷனுக்குப் பெருசா ஒண்ணும் ஆகப் போறதில்ல. மனுஷனுக்கு, குறிப்பா சின்னப் பசங்களுக்கு, எமன் லெட். அந்த லெட்டு செடிய பெருசா தொந்தரவு பண்ணாது, ஏன்னா அது மண்ணுல இருக்கற களிமண், இரும்பு ஆக்சைடு, மக்கு, பாஸ்பேட்டு இதுங்களோட கெட்டியா ஒட்டிக்கிட்டு தண்ணில கரையாமயே கெடக்கும். அதனால செடியோட மூஞ்சியப் பாத்து லெட்டப் பத்தி ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. சாதாரண மண்ணுல லெட்டு பத்துலேருந்து அம்பதுக்குள்ள இருக்கும். அமெரிக்காவுல ரொம்ப வருஷமா வீட்டு மண்ணுக்கு 400ன்னு ஒரு அளவு வச்சிருந்தாங்க, 2024ல அதையும் 200ஆ கொறச்சாங்க. உங்களுக்கு 610.

அடுத்தது, "தாங்கற செடி"ன்னு நாம ஒரே வார்த்தையில சொல்றது ரெண்டு ஜாதி. ஒண்ணு, மெட்டல வேர்லயே தடுத்து நிறுத்திடும், வேரோட செல் சுவர்ல ஒட்ட வச்சுக்கும் இல்லன்னா வேர் செல்லுக்குள்ள ஒரு பையில போட்டுப் பூட்டிடும், எலைக்கு ரொம்பக் கொஞ்சமா அனுப்பும். இன்னொண்ணு, மேல எலைக்கு ஏத்தி அங்க சேத்து வைக்கும். ரெண்டுமே சாகாது, ரெண்டையும் "டாலரன்ட்"னுதான் எழுதுவாங்க, ஆனா உங்க வீட்டுப் பசங்க விளையாடற எடத்துல வைக்க வேண்டியது மொத ஜாதி. ரெண்டாவது ஜாதிய வச்சா, மண்ணுக்குள்ள சும்மா கெடந்தத எலையா மேல கொண்டாந்து, உதுத்து, காஞ்ச சருகா காத்துல பறக்க விடற வேலைய நாமளே செஞ்ச மாதிரி ஆயிடும்.

உறிஞ்சி எடுத்துடும்ங்கற கதைக்கு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு சதுர மீட்டர்ல இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணு சுமாரா 260 கிலோ. 610லேருந்து 200க்கு எறக்கணும்னா கிலோவுக்கு 410 மில்லிகிராம் எடுக்கணும், அதாவது ஒரு சதுர மீட்டர்லேருந்து நூறு கிராமுக்கு மேல லெட்டு வெளிய வரணும். நல்லா வளந்த கடுகு ஒரு வருஷத்துக்கு ஒரு சதுர மீட்டர்ல ஒரு கிலோ காஞ்ச செடி குடுக்குதுன்னு தாராளமாவே வச்சுக்குவோம், அதுல கிலோவுக்கு 100 மில்லிகிராம் லெட்டு ஏறுதுன்னும் தாராளமா வச்சுக்குவோம். வருஷத்துக்கு 0.1 கிராம். ஆயிரம் வருஷம் ஆகும். ராஜராஜ சோழன் காலத்துல வெதைச்சிருந்தா இப்ப அறுத்து முடிச்சிருக்கலாம். இதுக்கு இடிடிஏன்னு ஒரு கெமிக்கல ஊத்தி லெட்டக் கரைய வச்சு கடுகுக்கு ஊட்டற முறைய தொண்ணூறுகள்ல அமெரிக்காவுல பெருசா முயற்சி பண்ணாங்க, அதுல கரைஞ்ச லெட்டு செடிக்குப் போனது கொஞ்சம், கீழ எறங்கறது ஆபத்துன்னு அந்த ஆர்வமே கொறைஞ்சுபோச்சு. சூரியகாந்தி கதை அணு உலை வெடிச்ச செர்னோபில்லேருந்து வந்தது, அங்க பண்ணது குளத்துத் தண்ணியில மெதக்க விட்டு சீசியம், ஸ்ட்ரான்ஷியம்ங்கற கதிரியக்கப் பொருள எடுக்கறதுக்கு, மண்ணுல லெட்டு எடுக்க இல்ல. வீடியோ போடறவங்க ரெண்டையும் சேத்து அடிச்சு விட்டுர்றாங்க.

அதனால உங்களுக்கு வேண்டியது மண்ண சுத்தம் பண்ற செடி இல்ல, மண்ண மூடி தூசி கெளம்பாம புடிச்சு வைக்கற செடி. கெட்டியா, சந்து விடாம, வருஷம் முழுக்க மூடணும். அந்தக் கண்ணுல பாத்தா உங்க எடத்துல ஏற்கனவே மொளச்சு நிக்கற அருகம்புல்லுதான் என் ஓட்டு. சீனாவுல குவாங்டாங் பக்கம் லெச்சாங்னு ஒரு லெட்டு-ஜிங்க் சுரங்கம், அந்தக் கழிவு மேட்டுல இதே அருகம்புல்லு வளருது, அங்கேருந்து எடுத்த புல்லு சாதாரண எடத்துப் புல்ல விட அதிகமா தாங்குதுன்னு 2002லயே ஆராய்ச்சி வந்துருக்கு, மெட்டல பெரும்பாலும் வேர்லயே வச்சுக்குது.

நர்சரி மாமா:

வேர்க்கால் தம்பி சொன்ன கணக்கு சூப்பர், எங்க கடைக்கு வர்றவங்களுக்கு இனிமே அதையே சொல்லப் போறேன்.

நான் முப்பது வருஷமா நாத்து விக்கற ஆளு, மெட்டலு பத்தி ரொம்ப தெரியாது, ஆனா பட்டறை மண்ணு, லாரி ஷெட்டு மண்ணு, பெயின்ட் கம்பெனி பின்னாடி மண்ணுன்னு நெறைய எடத்துல புல்லு போட்டுக் குடுத்துருக்கேன். கொரியன் புல்லு கார்ப்பெட்டு வாங்கிட்டுப் போய் விரிச்சா மொத மாசம் ஜோரா இருக்கும், ஏன்னா அது தான் கொண்டாந்த செம்மண்ணுலதான் நிக்கும், வேர் கீழ எறங்குச்சுன்னாதான் மஞ்சளடிக்கும். அப்ப வந்து உரம் குடுங்கன்னு நிப்பாங்க. உரத்துக்கு அங்க என்ன வேலை.

வெடிலியா நானும் விக்கறேன், மறைக்கல. காஞ்ச எடம், நெழல், சாக்கடை ஓரம் எல்லாத்துலயும் வரும், மஞ்சப்பூவு பாக்க நல்லா இருக்கும். ஆனா ஒருதடவ வச்சா உங்க காம்பவுண்டோட நிக்காது, கணுவுக்குக் கணு வேர் விட்டு பக்கத்து காலி மனை, வாய்க்கா எல்லாம் போயிடும். உலகத்துலயே மோசமான நூறு அந்நியச் செடிங்கன்னு ஒரு பட்டியல் இருக்கே, அதுல இதுவும் ஒண்ணு. அதவிட முக்கியம், வெட்டி வெட்டி விடணும், வெட்டினத எங்க போடுவீங்க? வெடிலியா மேல என்ன சேத்து வச்சிருக்கோ அதுவும் கூடவே போவும்.

என் யோசனை: கடையில வாங்காதீங்க. உங்க மண்ணுலயே எந்த அருகம்புல்லு நல்லா நிக்குதோ, அதுவும் பட்டறை மூலைக்கு எவ்ளோ கிட்ட நிக்குதோ அவ்ளோ நல்லது, அதுலேருந்து தண்டு எடுத்து பரப்புங்க. ஏன் எதுக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனா அந்தந்த மண்ணுல பொழச்சதுதான் அங்க நிக்கும்.

வேர்க்கால்:

மாமா, நீங்க சொல்றதுக்குக் காரணம் இருக்கு, அதுவும் நகரத்துப் புல்தரையிலயே கண்டுபுடிச்சது. இங்கிலாந்துல லிவர்பூல் பக்கத்துல ப்ரெஸ்காட்னு ஒரு ஊரு, அங்க ஒரு காப்பர் சுத்திகரிப்பு ஆலை. அதச் சுத்தி வெவ்வேற காலத்துல போட்ட புல்வெளிங்க இருந்துச்சு. லின் வூ, பிராட்ஷா, தர்மன்னு மூணு பேரு அந்தப் புல்லையெல்லாம் எடுத்து காப்பர் கரைசல்ல வேர் விட வச்சுப் பாத்தாங்க. பழைய புல்வெளியில இருந்த புல்லு நல்லா தாங்குச்சு, புதுசா போட்டதுல தாங்கறது கம்மி. 1975ல வெளிவந்த ஆய்வு. அதாவது வெதைக்கற கூட்டத்துல ஆயிரத்துல ஒண்ணு ரெண்டுதான் பொறப்புலயே தாங்கற கொணத்தோட இருக்கும், மத்ததெல்லாம் செத்து அது மட்டும் பரவி, கொஞ்ச வருஷத்துல மொத்தத் தரையும் அதோட வம்சமா ஆயிடும். இதே பிராட்ஷா குழுவோட வேலையிலேருந்துதான் மெர்லின், கோகினன், பேரிஸ்னு பழைய சுரங்க மேட்டுக்குன்னே புல்லு ரகம் வந்துச்சு, அதெல்லாம் குளிர் நாட்டுப் புல்லு, நம்ம வெயிலுக்கு ஆகாது, தேட வேண்டாம்.

இன்னொண்ணு கவனிக்கணும், ஒரு மெட்டலத் தாங்கறது இன்னொண்ணயும் தாங்கும்னு இல்ல. காப்பர் தாங்கற புல்லு ஜிங்க்ல சுருண்டு போகலாம். அதனாலதான் அந்த எடத்துலயே பொழச்சது பெட்டர்.

அம்பத்தூர்வாசி, வீட்லயே பாக்கணும்னா ஒரு வழி இருக்கு. ரெண்டு மூணு கப்பு, ஒண்ணுல பட்டறை மூலை மண்ணு, ஒண்ணுல நடு எடத்து மண்ணு, ஒண்ணுல வெளிய வாங்கின நல்ல மண்ணு. மூணுலயும் ஒரே அருகம்புல்லு தண்ட ரெண்டு கணு வர்ற மாதிரி வெட்டி நடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு எலையப் பாக்காதீங்க, தண்ணில அலசி வேர் நீளத்தப் பாருங்க. மெட்டலு மொதல்ல கைய வைக்கறது வேர் நுனியிலதான். கெட்ட மண்ணுல வேர் எவ்வளவு, நல்ல மண்ணுல எவ்வளவுங்கற விகிதம்தான் அம்பதுகள்லேருந்து ஆராய்ச்சிக்காரங்களும் பாக்கற அளவுகோல். கையொறை போட்டுக்கங்க, கப்ப சமையல்கட்டு சிங்க்ல கழுவாதீங்க.

ராணிப்பேட்டை பொண்ணு:

எல்லாரும் லெட்டையும் ஜிங்க்கையும் பேசறீங்க, அந்த 160 குரோமியத்த யாரும் தொடலையே. முலாம் பட்டறைன்னா ஜிங்க் முலாமா குரோம் முலாமான்னு கேட்டீங்களா?

நான் ராணிப்பேட்டை. எங்க ஊர்ல குரோமியம்னா பிறந்த கொழந்தைக்கும் தெரியும். சிப்காட்ல இருந்த அந்த குரோமேட் தொழிற்சாலை தொண்ணூறுகள்ல மூடிட்டுப் போனப்ப ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல கழிவ மலையா குவிச்சு வச்சுட்டுப் போச்சு, மழை பேஞ்சா மஞ்சத் தண்ணி வரும். 2006ல உலகத்துலயே மோசமா மாசுபட்ட பத்து எடத்துல ராணிப்பேட்டையும் ஒண்ணுன்னு ஒரு பட்டியல் வந்துச்சு. குரோமியத்துல ரெண்டு வடிவம் முக்கியம். தோல் பதனிடற ஷாப்புல பயன்படுத்தறது மூணு வேலன்சி குரோமியம், அது லெட்டு மாதிரி மண்ணோட ஒட்டிக்கும். குரோமேட்டும் குரோம் முலாம் தொட்டியில இருக்கறதும் ஆறு வேலன்சி, அது புத்துநோய் வர வைக்கும், தண்ணில கரையும், மண்ணுல நிக்காது, நேரா கெணத்துக்குப் போகும். மொத்த குரோமியம் 160ங்கற ஒரு நம்பர வச்சுக்கிட்டு ரெண்டுல எதுன்னு சொல்லவே முடியாது. லேப்ல ஹெக்சாவேலன்ட், அதாவது அந்த ஆறு வேலன்சிய, தனியா பாக்கச் சொல்லுங்க, போர்வெல் தண்ணியையும் சேத்துக் குடுங்க.

ஏன் இத இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, யாராவது வந்து "சுண்ணாம்பு போடுங்க, மெட்டலு கட்டுப்படும்"னு சொல்லுவாங்க பாருங்க. லெட்டு, ஜிங்க், நிக்கல், காட்மியத்துக்கு அது சரி, பிஹெச் ஏறினா அதுங்க கரையறது கொறையும். ஆனா ஆறு குரோமியமும் ஆர்சனிக்கும் தலகீழ், பிஹெச் ஏறினா இன்னும் சுலபமா நகரும். அதுக்கு மக்கு உரம்தான் மருந்து, நல்லா மக்கின எரு ஆறு குரோமியத்த மூணா மாத்தும். அதே மாதிரி பாஸ்பேட்டு போட்டா லெட்டு பைரோமார்ஃபைட்னு கல்லு மாதிரி ஒரு உப்பா கெட்டிப்படும், அது நல்ல விஷயம், ஆனா ஆர்சனிக் இருந்தா பாஸ்பேட்டு அத வெளிய தள்ளி விட்டுரும். மொதல்ல என்ன இருக்குன்னு முழுசா தெரியட்டும், அப்புறம் மூட்டைய பிரிங்க.

அந்த கோழிப்பசலை, சிலர் பருப்புக்கீரைம்பாங்க, செவப்புத் தண்டோட தரையோட படருமே, அது உங்க எடத்துல இருந்தா புடுங்கிப் போட்டுருங்க. அது குரோமியத்த நல்லா ஏத்திக்கும்னு ஆராய்ச்சியே இருக்கு. பாக்க அழகா தரைய மூடும், யாராவது கீரைன்னு பறிச்சிட்டுப் போயிடுவாங்க.

அம்பத்தூர்வாசி:

ரொம்ப நன்றி, இவ்வளவு பதில் எதிர்பாக்கல. டீக்கடைக்காரர்கிட்ட திரும்பக் கேட்டேன், நட்டு போல்ட்டுக்கு வெள்ள முலாம்தான் பூசுவாங்க, அப்புறம் மஞ்சளா பளபளன்னு ஒரு தண்ணியில முக்கி எடுப்பாங்கன்னு சொல்றாரு. அது குரோமியமா மேடம்?

அம்மாகிட்ட பொடுதலை, வல்லாரை வேண்டாம்னு சொன்னதுக்கு சண்டை. "அருகம்புல்லு மட்டும் போடலாமாக்கும், பிள்ளையாருக்கு வைக்கறதுதான, காலையில ஜூஸ் போட்டுக் குடிக்கறானுங்களே"ன்னு கேக்கறாங்க. பதில் தெரியல.

ராணிப்பேட்டை பொண்ணு:

ஆமா, ஜிங்க் முலாம் போட்டப்புறம் மஞ்சக் கலர் வர முக்கறது பெரும்பாலும் ஆறு குரோமியக் கரைசல்தான். அப்ப கண்டிப்பா தனியா டெஸ்ட் பண்ணுங்க.

கீரைக்கட்டு:

அம்மா கேட்ட கேள்வி இருக்கே, அதுதான் இந்த மொத்தப் பேச்சுலயும் சரியான கேள்வி. அவங்க ஜெயிச்சுட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க, நம்ம ஊர்ல கெட்ட மண்ணுல தானா படர்ந்து தரைய மூடற எந்தப் பூண்ட எடுத்தாலும் யாராவது ஒருத்தர் அத பறிச்சிட்டுப் போயி ஏதாவது பண்ணுவாங்க. பொடுதலை துவையல், வல்லாரை துவையல், பொன்னாங்கண்ணி பொரியல், மூக்கிரட்டை சூப்பு, வெட்டுக்காயப்பூண்டு காயத்துக்கு, கீழாநெல்லி மஞ்சக் காமாலைக்கு, அருகம்புல்லு ஜூஸ். சரி, தின்னாத புல்லா போடுவோம், உலகமே மெட்டலு மண்ணுக்கு வெட்டிவேருதான் போடுது, அது மெட்டல வேர்லயே வச்சுக்கும் மேல ஏத்தாதுன்னு புகழறாங்கன்னு பாத்தா, நாம அந்த வேரத்தான வெட்டி எடுத்து பானையில போட்டு தண்ணி குடிக்கறோம்! வெளிநாட்டுல எழுதறவனுக்கு இது தோணவே தோணாது. அங்க தாங்குமா தாங்காதா, எலைக்கு ஏத்துமா ஏத்தாதான்னு பாத்தா போதும். இங்க மூணாவதா ஒரு கேள்வி, எதுத்த வீட்டுப் பாட்டி பறிப்பாங்களா மாட்டாங்களா.

அதனால நான் சொல்றது, வேலி இல்லாத எடத்துல அருகம்புல்லு வேண்டாம். உங்களுது காம்பவுண்டுக்குள்ள இருக்கு, எட்டு வீட்டுக்கும் தெரியும்படி சொல்லி வைக்க முடியும்னா சரி. ஆடு மாடு உள்ள வராதுல்ல? வேலைக்கு வர்றவங்க புல்ல அறுத்துட்டுப் போயி வீட்டு ஆட்டுக்குப் போடறதும் சகஜம், அவங்ககிட்டயும் சொல்லணும்.

இன்னொரு விஷயம், கீரையில வர்ற லெட்டுல பெரும்பங்கு வேர் வழியா ஏறினது இல்ல, மழையில தெறிச்சும் தூசியா ஒக்காந்தும் ஒட்டினது. தரையோட படர்ற செடியில அது இன்னும் ஜாஸ்தி, அதுவும் வல்லாரை, பொடுதலை மாதிரி மண்ணுல ஒட்டிக்கிட்டே போறதுல கழுவினாலும் முழுசா போகாது. அம்மாவுக்கு வல்லாரை வேணும்னா மொட்டமாடியில தொட்டி வச்சுக் குடுங்க, ஆனா அந்தத் தொட்டிக்கு மண்ணு கீழேருந்து எடுத்துட்டுப் போகாதீங்க.

சும்மா ஒருத்தன்:

எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி, சிமெண்டு போட்டு மூடிட்டுப் போக வேண்டியதான ப்ரோ. செலவும் கம்மி.

வேர்க்கால்:

கிண்டலா சொன்னாலும் பேட்டரி மூலைக்கு அது சரியான பதில்தான் ப்ரோ. அங்க புல்லே வரலன்னா கந்தக அமிலம் கொட்டி பிஹெச் தரைமட்டமா இருக்கும், லெட்டும் ஆயிரக்கணக்குல இருக்கலாம். நாலு எடத்து மண்ணையும் ஒண்ணா கலந்து குடுத்ததுல அந்த மூலை மறைஞ்சுபோச்சு, மத்த மூணு எடம் 150 இருந்து அது மட்டும் 2000 இருந்தாலும் ரிப்போர்ட்ல 610தான் வரும். அதனால அடுத்த தடவ ஒவ்வொரு எடத்தையும் தனித்தனியா எடுங்க, பசங்க கையில ஒட்டறது மேல் மண்ணுதான், அதனால மேல அஞ்சு சென்டிமீட்டர் தனியா, கீழ பதினஞ்சு வரைக்கும் தனியா. துத்தநாகப் பூச்சு உள்ள கொத்துக்கரண்டியால எடுக்காதீங்க, அதுலேருந்தே ஜிங்க் ஏறும்.

மூலை மட்டும்தான் மோசம்னா அத மட்டும் சிமெண்டோ டைல்ஸோ போட்டு மூடுங்க. மத்த எடத்துக்கு பழைய மண்ணுக்கு மேல ஒரு ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிச்சு, அதுக்கு மேல ஒரு அடிக்கு நல்ல மண்ணு கொட்டி அதுல புல்லு போட்டா அதவிடப் பாதுகாப்பு வேற இல்ல, பின்னால யாராவது தோண்டினாலும் துணி தென்பட்டா நிறுத்துவாங்க. அப்படிப் பண்றதா இருந்தா தாங்கற புல்லு, தாங்காத புல்லுங்கற பேச்சே தேவையில்ல, மாமா கடையில கொரியன் புல்லே வாங்கிக்கலாம், வேரு பெரும்பாலும் மேல் மண்ணுலயே நின்னுடும்.

நர்சரி மாமா:

ஒரு அடி மண்ணுன்னா எங்கேருந்து வருதுன்னு கேட்டு எறக்குங்க. லாரிக்காரன் "ஏரி வண்டல் சார், தங்கம்"னு சொல்லுவான், எந்த ஏரின்னு கேளுங்க. மெட்ராஸ சுத்தி இருக்கற பாதி ஏரியில எஸ்டேட்டு தண்ணி கலந்துருக்கு. நான் செங்கல்பட்டு தாண்டி எடுக்கற செம்மண்ணுதான் வாங்கறேன், விலை கூடத்தான்.

கீரைக்கட்டு:

மாமா சொன்னது குப்பை உரத்துக்கும் பொருந்தும். நகராட்சி குப்பையிலேருந்து வர்ற கம்போஸ்டுக்கு சட்டப்படியே கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைக்கும் லெட்டு, 1000 வரைக்கும் ஜிங்க் இருக்கலாம்னு அளவு வச்சிருக்காங்க. அந்த அளவுக்குள்ள இருந்தா ஓகேதான், ஆனா ஏற்கனவே ஜிங்க் ஜாஸ்தி உள்ள மண்ணுல போடறதுக்கு மாட்டு எரு மேல். அப்புறம் அந்தப் புல்ல வெட்டினா வீட்டு கம்போஸ்ட் தொட்டியில போடாதீங்க, அங்கேயே தரையில விட்டுருங்க இல்ல தனியா மூட்ட கட்டுங்க.

செடி வர்ற வரைக்கும் பசங்க விஷயம். காஞ்ச துடைப்பத்தால பெருக்க வேண்டாம், தண்ணி தெளிச்சுப் பெருக்கச் சொல்லுங்க. செருப்ப வெளியவே விடணும், சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவணும். இரும்புச் சத்து கொறைஞ்ச கொழந்தைங்க ஒடம்பு லெட்ட அதிகமா உறிஞ்சும், அதனால ரத்தசோகை இருந்தா அத மொதல்ல கவனிங்க. அங்க ரொம்ப நாளா விளையாடற சின்னக் கொழந்தைக்கு டாக்டர்கிட்ட சொல்லி ரத்தத்துல லெட்டு அளவு பாக்கறது தப்பே இல்ல.

அம்பத்தூர்வாசி:

அசோசியேஷன்ல பேசிட்டோம். மொதல்ல தனித்தனியா மண்ணு டெஸ்ட், ஹெக்சாவேலன்ட் குரோமியம், போர்வெல் தண்ணி. ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் கேட்டு பூட்டு. மூலைக்கு சிமெண்டு, மத்ததுக்கு துணி போட்டு மேல மண்ணு, பட்ஜெட் இடிச்சா பாதிக்கு மட்டும் மண்ணு, மீதிக்கு அங்க இருக்கற அருகம்புல்லயே பரப்பறதுன்னு முடிவு. கப்புல தண்டு நட்டு வச்சாச்சு. அம்மா மாடியில வல்லாரைக்கு தொட்டி கேட்டு வாங்கிட்டாங்க.

ஒரே ஒரு சந்தேகம், எங்க மழைநீர் சேகரிப்புக் குழி அந்த மண் தரையிலயேதான் இருக்கு, பில்டர் அங்கதான் எடம் இருந்துச்சுன்னு வச்சுட்டாரு. மாடித் தண்ணி பூரா அங்கதான் எறங்குது. அதுக்கு ஏதாவது பண்ணணுமா?

ராணிப்பேட்டை பொண்ணு:

ஐயோ, இத மொதல்லயே சொல்லியிருக்கணும் அண்ணா. உடனே பைப்ப மாத்தி விடுங்க. 2003லேருந்து குழி கட்டாயம்னு எல்லாரும் வச்சாங்க, எங்க வைக்கறோம்னு யாரும் பாக்கல. லெட்டு சும்மா கெடக்கற மெட்டலுன்னு மேல பேசினோம்ல, அது சாதாரண மழைக்கு. மொத்த மாடித் தண்ணியும் ஒரே குழியில கொட்டினா, மண்ணுத் துகளோட சேந்து கீழ போகும், ஆறு குரோமியம் இருந்தா கேக்கவே வேண்டாம், அது தண்ணியோடவே போர்வெல்லுக்குப் போயிரும். புல்லு எவ்வளவு கெட்டியா மூடினாலும் குழிய அது காப்பாத்தாது.

முன் வாசல் பக்கம் கார் நிக்கற எடத்துல பட்டறை இல்லன்னா, அங்க மேல் மண்ண டெஸ்ட் பண்ணிட்டு புதுசா ஒரு குழி எடுத்து மாடிப் பைப்ப அங்க கொண்டு போங்க. பழைய குழியில இருக்கற மணல், ஜல்லி, அடியில தங்கின சேறு, அதையும் ஒரு டப்பால எடுத்து லேப்புக்கு அனுப்புங்க, இத்தன வருஷத்துல எவ்வளவு கீழ எறங்கியிருக்குன்னு அதுலயே தெரியும். போர்வெல் ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தத் தண்ணிய சமையலுக்கு எடுக்காதீங்க, கொதிக்க வச்சா மெட்டலு போகாது. ரிப்போர்ட் வந்ததும் நம்பர இங்க போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.